நடுவருக்குப் போட்ட இலை

ஆதிகேசவன் அண்ணன் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். அங்கே அவரைவிட வயதில் சின்ன சூப்பர்வைசர்கூட “யோவ் ஆதி” என்றுதான் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக் கபடி மைதானத்தில் இறங்கினால் மட்டும் மைக்கில் “நடுவர் ஆதிகேசவன் சார்” என்பார்கள். அந்த ஒரு மரியாதைக்காகத்தான் மனுஷன் வாரம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் போடுகிற எனக்கு இது நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் போட்டி நடத்தும் ஊர்தான் நடுவருக்குச் சோறு போடும். போன வருஷம் ஓர் ஊரில் மதியம் பிரியாணி போட்டார்கள், சாப்பிட்டோம். சாயங்காலம் அந்த ஊர் அணி ஜெயித்தது. தோற்றவர்கள் அண்ணன் சட்டையைப் பிடித்து, “துன்ன பிரியாணிக்கு விசில் ஊதுறியா?” என்று அறைந்தார்கள். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தது அவர்கள் ஆள், அடி இவருக்கு. என்ன நியாயமோ! அதற்கப்புறம் எங்கே போனாலும் அம்பிகா அண்ணி கட்டித் தரும் எலுமிச்சை சாதம்தான்.

இந்தத் தை மாதம் ஒடுகத்தூர் பக்கம் ஒரு காலனியில் போட்டி. காலனி அணியின் கேப்டன் இன்பராஜ். அவன் அம்மா சவுரியம்மாள் எங்களுக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். இலை போட்ட பிறகு அண்ணன் கை கூப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. வேற்றுச் சாதிக்காரர் காலனிச் சோற்றைத் தொடவில்லை என்றால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? இவருக்கோ அது உறைக்கவே இல்லை.

ஆட்டம் தொடங்கியது. அவர் விசில் அடித்தபோதெல்லாம், “எங்க சோத்தையே தொடாதவன், எங்க பசங்க தொட்டா எப்டிடா பாயின்ட் குடுப்பான்?” என்று கூச்சல். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இடைவேளையில் சவுரியம்மாளிடம் ஓடினார்.

“அய்யோ, நான் அப்டிப்பட்டவன் இல்லம்மா. எல்லா ஊர்லயும் இப்டித்தாம்மா” என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து சோறு கேட்டு வாங்கி, கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டார். எதிரணி பார்த்துக்கொண்டே நின்றது.

கடைசி ரெய்டில் இன்பராஜ் அணி ஒரு பாயின்ட்டில் ஜெயித்தது. சரியான தீர்ப்பு, நான் சத்தியம் பண்ணுவேன். “சோறு எறங்குனதும் விசில் மாறிடுச்சி பாரு!” என்று எதிரணி பிளாஸ்டிக் நாற்காலியை வீசியது. அண்ணனின் புருவம் கிழிந்தது. காலனிக்காரர்கள் தடுக்கவில்லை. “வுடுங்கடா, நம்மள அசிங்கப்படுத்தினவன்தான” என்றான் இன்பராஜ். நான் துண்டை எடுத்து அண்ணன் புருவத்தில் அழுத்தினேன்.

ரத்தத்தோடு போய்ச் சவுரியம்மாள் முன்னால் நின்றார் அண்ணன். “நீயாவது நம்புறியாம்மா?”

“எல்லாரும் கத்துனதால சாப்ட்ட சார். பசிச்சி சாப்டல” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் அண்ணன் விசிலைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “இனிமே நான் வரமாட்டேன் தம்பி. நீ ஊது.”

நான் வாங்கவில்லை. எனக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது.