வேனுக்கு வந்த பத்திரிகை

"…அதனாலதான் சொல்றேன், கதவு வச்சிருக்கிறவனுக்குத்தான்மா பத்திரிகை. எனக்கு எதுக்கு?" என்றார் அண்ணன், வேனின் திறந்த பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. எதிரே அவருடைய தங்கை, வெற்றிலையும் வாழைப்பழமும் கல்யாணப் பத்திரிகையும் வைத்த தட்டோடு நின்றிருந்தார். பந்திங்கிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். இது மூன்றாவது தடவை.

ப்ரிக்பீல்ட்ஸில் நான் சாவி வெட்டிப் பிழைக்கிறவன். கதவே வேண்டாம் என்கிற ஒருவர் என் கடைக்கு எதிரிலேயே குடியிருந்தது வேடிக்கைதான். அந்த வேனில் சாமான் ஏற்றிச் சம்பாதித்தார், அதிலேயே தூங்கினார். அப்படி நான்கு வருடம். வாடகை கொடுக்க முடியாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு முன் பங்சாரில் ஒரு கொண்டோமினிய அடுக்குமாடியில் ஜாகா வேலை. வாசலில் தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்குகிற காவல்காரர்.

ஏன் இப்படி என்று முன்பே ஒருநாள் கேட்டிருக்கிறேன்.

"எந்த வீடு, யாரப் பாக்கணும், எதுக்கு வந்தன்னு பன்னெண்டு வருஷம் கேட்டேன் பாஸ். வீட்டுக்குப் போனா எங்க ஃபிளாட்டுல என்னைக் கேட்டாங்க. சங்கத்துல ஏன் சேரல, கூட்டத்துக்கு ஏன் வரல, சம்சாரம் போயி இன்னும் ஏன் தனியா இருக்க. பதில் சொல்லியே களைச்சுப் போயிட்டேன்லா."

நல்ல பேச்சு காதில் விழுந்தால் கையில் கிடைத்த காகிதத்தில் குறித்துக்கொள்வது என் பழக்கம். இதையும் குறித்துக்கொண்டேன். மனுஷர்களைப் பிடிக்காதவர் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. யாருடைய மோட்டார் சைக்கிளாவது நின்றுபோனால் முதலில் வந்து தள்ளுகிறவர் அவர்தான். 'கூட்டத்துக்கு வாங்க' என்றால் மட்டும் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

இப்போது தங்கை மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு மாலை போட வேண்டிய தாய்மாமன் இவர் ஒருவர்தான்.

"மாமன் வீட்டுக்குப் பத்திரிகை வச்சாச்சான்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்கண்ணே. இன்னிக்கும் நீங்க வாங்கலன்னா நம்ம பெரியப்பா மகன நிக்க வைக்கிறதா பேச்சு."

"அவன் நல்லாத்தான் நிப்பான். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டிருப்பான்."

"அவனா என் மகள தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சான்?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா, என் கடையில வச்சுக் குடுங்களேன், கதவுதானே வேணும்," என்றேன்.

"உன்னோடது வெறும் ஷட்டர் பாஸ்," என்றார் அண்ணன்.

"கடையில வச்சா அது விளம்பர நோட்டீஸ்," என்றார் தங்கை. "எங்க அண்ணன் வீட்டுலதான் வைப்பேன். இல்லன்னா இந்தத் தட்டோடயே பந்திங் போறேன். இனிமே வர மாட்டேண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே நிஜமாக வர மாட்டார் என்று பட்டது. தட்டில் இருந்த வெற்றிலை வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது.

அண்ணன் கீழே இறங்கினார். போத்தல் தண்ணீரை ஊற்றி வேனின் படியைக் கழுவினார். செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே ஜோடியாக வைத்தார். ஏறிக் கதவை இழுத்து மூடிக்கொண்டார்.

தங்கை என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், வேனைக் கிளப்பப் போகிறார் என்று நினைத்தேன். இன்ஜின் சத்தம் கேட்கவில்லை.

"பாத்துக்கிட்டே நின்னா எப்படி? கதவத் தட்டும்மா," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தங்கை தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். யாரு, எதுக்கு வந்த என்று உள்ளேயிருந்து கேள்வி வரவில்லை. கழுத்துவரை சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு அண்ணன் கதவைத் திறந்தார். "வாம்மா, உள்ள வா," என்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.