சட்டை போடாத மாதங்கள்

என் கணவருக்கு அக்கி வந்தது இடப்பக்கம், நெஞ்சிலிருந்து முதுகு வரைக்கும். கொப்புளங்கள் மூன்று கிழமையில் காய்ந்து விழுந்தன. நோவு மட்டும் போகவில்லை. நரம்பு தாக்கப்பட்டிருக்கிறது, மாதக்கணக்கில் இருக்கும் என்று சொல்லி டொக்டர் குளிசை தந்தார். துணி பட்டாலே துடித்துப்போவார். சட்டை போட முடியாததால் கொடிகாமம் சந்தையில் செய்துவந்த தேங்காய் வியாபாரத்தை விட்டார். பின்னேரத்தில் கோயிலுக்கு மட்டும் போனார். அங்கே வெறும் மேலோடு நிற்கலாமே. அவருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

எனக்கோ பொறுமை கெட்டுவிட்டது. ஐந்து மாதம் காலையும் மாலையும் "நோகுது, நோகுது" என்று ஒரே பாட்டு. நான் ஒன்றும் அவ்வளவு நல்ல மனுசி அல்ல. முதல் மாதம் பக்கத்தில் இருந்து விசிறினேன், அடுத்த மாதம் உம் கொட்டினேன், பிறகு எரிந்து விழுந்தேன்.

அன்று காலை இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். குசினி வாசலில் வந்து நின்றார். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

"இஞ்சேரும், இண்டைக்கு நோ வேறை மாதிரிக் கிடக்கு. உள்ளுக்கை அமத்துது."

"உந்த அக்கியோடை நான் படுற பாடு போதும். குளிசையைப் போட்டிட்டுப் படுங்கோ."

உள்ளங்கையை நெஞ்சில் அழுத்திப் பிடித்தபடி போனார். துணி படவே பொறுக்காத இடத்தில் கையை அழுத்துகிறாரே என்று எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி கொண்டுபோனபோது முகம் வெளிறிக் கிடந்தது. ஓட்டோ பிடித்து ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர், "அம்மா, நெஞ்சு நோ எப்ப துவங்கினது?" என்று கேட்டார்.

"அஞ்சு மாசம்" என்றேன். வாய் அப்படியே பழகியிருந்தது. பிறகுதான், "விடியவே எனக்குச் சொன்னவர்" என்று அழுதேன். மாரடைப்பு. அக்கி வந்தவர்களுக்கு அந்த ஆபத்துக் கூடுதலாம். பிந்தி வந்ததால் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார்.

உயிரோடு கூட்டிவந்தேன். கிணற்றடிக்கு நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. நெஞ்சில் சின்ன நோ வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. நான் நாளுக்குப் பத்துத் தரம் கேட்கிறேன்.

"நோகுதோ?"

"இல்லையப்பா. நீர் உம்மடை வேலையைப் பாரும்."

நேற்றுக் குளிக்கப் போனவர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போனதும் சிரித்துக்கொண்டு வாளியைத் தூக்கினார். நோவைச் சொன்னால் நான் கத்துவேன் என்று பயந்து, சொல்லாமலே இருக்கப் பழகிவிட்டார். பழக்கியது நான்தான்.