கல்நாரையின் வலது கை

ஒரு நட்சத்திரம். பூஜ்யம் கொடுக்க வழியில்லாததால் அதையாவது கொடுத்தேன். கல்நாரை படத்தை ஒட்டி வந்த நாவலுக்கு இணையத்தில் நான் எழுதிய விமர்சனம் இப்படித்தான் தொடங்கியது. காமிக்ஸ் நாயகன் கல்நாரைக்கு இரும்புக் கை வலது கை. ஐம்பது வருடமாக வலது கைதான். படத்திலும் வலது கைதான். நாவலிலோ நாற்பது பக்கத்துக்குள் ஆறு இடத்தில் இடது கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதை எழுதிய ஆள் வாழ்நாளில் ஒரு காமிக்ஸைக்கூடத் தொட்டதில்லை" என்று முடித்தேன். முந்நூறு பேர் விருப்பம் போட்டார்கள். சிலர் அந்த வரியை அப்படியே எடுத்துத் தங்கள் விமர்சனத்திலும் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை புது இதழ்கள் வரும் நாள். எங்கள் அமெரிக்க ஊரான டோலிடோவில், ஆர்லோவின் காமிக்ஸ் கடையில் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவோம். ரோவீனா கோசாக்கும் வருவாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஐம்பத்தாறு வயது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பேருந்து நிறுத்துமிடத்திலிருந்து சீருடையோடு நேரே வருவாள். தனக்காக ஆர்லோ எடுத்துவைத்த இதழ்களை வாங்கி, நின்றபடியே ஒன்றைப் படித்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். இருபது வருடப் பழக்கத்தில் அவளும் நானும் இருபது நிமிடம் பேசியிருந்தால் அதிகம்.

அந்தப் புதன்கிழமை என் விமர்சனத்தை நானே சத்தமாக வாசித்தேன். கடையே சிரித்தது. ரோவீனா இதழை மூடினாள்.

"வெர்னு, எத்தனையாவது பக்கத்துல நிறுத்தின?"

"நாப்பது."

"மிச்சம் இருநூத்தி எழுபது?"

"அந்தக் குப்பையை அதுக்கு மேல எவன் படிப்பான்?"

"படிக்காமலே எழுதினது நீ. காமிக்ஸ் படிக்காதவள்னு திட்டு வாங்கறது நானா?"

எனக்கு விளங்கவில்லை. அட்டையில் ஜே. டி. மார்ச் என்று போட்டிருந்தது. அது பதிப்பகத்தின் பொதுப் பெயராம். யார் எழுதினாலும் அந்தப் பெயரில்தான் வருமாம். இந்த முறை எழுதியவள் ரோவீனா. காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே, காலிப் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஒன்பது வாரத்தில் எழுதியிருக்கிறாள்.

"அவங்க குடுத்த திரைக்கதையில இடதுன்னு இருந்துச்சு. தப்புன்னு மூணு தடவை எழுதிப் போட்டேன். திரைக்கதைப்படி எழுதுன்னாங்க. புத்தகம் அச்சுக்குப் போனப்புறம் படத்துல மட்டும் வலதுன்னு மாத்திக்கிட்டாங்க. நான் என்ன பண்ண?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. "யாரு வேணாலும் இப்படிச் சொல்லலாமே" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஆர்லோ, அந்தக் கல்நாரை முப்பத்தெட்டாம் இதழை எடு."

ஆர்லோ கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, மேலுறையை உருவினான். ரோவீனா கடைசிப் பக்கத்துக்குப் போனாள். வாசகர் கடிதங்கள். அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஓவியர் அவர்களே, ஒன்பதாம் பக்கத்தில் இரும்புக் கையை இடது பக்கம் வரைந்திருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? ரோவீனா கோசாக், வயது பன்னிரண்டு, டோலிடோ."

அந்த இதழ் என் வீட்டிலும் இருக்கிறது. உறை பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

"இது கடைக்குள்ளேயே இருக்கட்டும்" என்றாள். "நான்தான்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. அடுத்த புத்தகம் திரைக்கதை இல்லாம என் சொந்தக் கதை. கல்நாரைக்கு நானே கதை எழுதப் போறேன். அது போயிரக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன்.

வீட்டுக்குப் போய் அந்த நாவலை முழுக்கப் படித்தேன். ஏழாம் அத்தியாயத்தில், இரும்புக் கையால் தன் தாயின் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் கல்நாரை விழிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. பாவத்தைக் கழுவும் அவசரத்தில், என் விமர்சனத்தின் கீழே எழுதினேன்: ஆசிரியர் எங்கள் ஊர் ரோவீனா கோசாக், பன்னிரண்டு வயதிலிருந்து படிக்கிறவர், தவறு திரைக்கதையுடையது, அவருடையது அல்ல. ஐந்து நட்சத்திரம். பெரிய மனிதனைப் போல நிம்மதியாகத் தூங்கப் போனேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த புதன்கிழமைக்குள் கல்நாரையின் உரிமை வைத்திருப்பவர்களின் கடிதம் அவளுக்கு வந்துவிட்டது. அடுத்த புத்தகம் வேறொருவருக்குப் போய்விட்டது. ஜே. டி. மார்ச் என்ற பெயரில்தான் அதுவும் வரும்.

கடைக்கு வந்தாள். புது இதழ்களை வாங்கவில்லை. நேரே என்னிடம்தான் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

"பேசாத வெர்னு. மொத தடவை என்னைப் படிக்காதவள்னு ஊருக்கெல்லாம் எழுதின. ரெண்டாவது தடவை படிச்சவள்னு எழுதின. ரெண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேக்கல."