தைக் கல்யாணத்தின் வக்கீல்

தேங்காய் எண்ணெய்ப் போத்தலை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டுதான் ஜீவராணி பஸ் ஏறுகிறாள். அலங்காரப் பெட்டியை மடியில் வைத்து, போத்தல் இருக்கும் இடத்தை உள்ளங்கையால் தேய்த்தபடியே வருவாள். டிக்கோயாவை விட்டு மலையில் மேலே போகப் போக, குளிரில் எண்ணெய் உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடும். கல்யாணப் பெண்ணின் தலையில் கட்டியை வைத்து உரசவா முடியும்? பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தால் அவளே முந்திக்கொள்வாள்: "என்ன பார்க்கிறீங்க? வயித்து வலி இல்லைங்க. எண்ணெய்க்குச் சூடு காட்டுறேன்."

மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை, சுழலும் நாற்காலி ஒன்று, ஓரம் கறுத்த பெரிய கண்ணாடி. அவள் கடை அவ்வளவுதான். ஆனால் அவள் தொழில் நடப்பது அங்கே இல்லை. தேயிலைத் தோட்டத்து லயங்களின் ஒற்றை அறைக் காம்பராக்களில், ஒரு பல்பு வெளிச்சத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் பெண்ணை உட்கார வைத்து, விடிவதற்குள் அவளை வேறொருத்தியாக்கிவிடுவதுதான் ஜீவராணியின் வேலை. மார்கழி முழுக்க ஈ ஓட்டுவாள். தை பிறந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது.

அந்தத் தைக்காக அவள் வாதாடுவதை ஹட்டன் பக்கத்தில் கேட்காத பெண்கள் குறைவு. புருவம் திருத்த வருகிறவளிடம், வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பிள்ளை இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பாள். இருந்தால் ஆரம்பித்துவிடுவாள்.

"ஆனியில வெச்சீங்கன்னா மழை. தோட்டத்து ரோட்டுல வேன் ஏறாது. பொண்ண சேத்துல நடத்தித்தான் கூட்டிட்டுப் போகணும். மாப்பிள்ளை வேட்டிக்குள்ள அட்டை ஏறும். தாலி கட்டுற நேரத்துல அவன் காலச் சொறிஞ்சா நல்லாவா இருக்கும்? சித்திரையில கொழுந்து கொட்டும், யாருக்கும் லீவு குடுக்க மாட்டாங்க. தையில பாருங்க, வானம் கழுவி வெச்ச மாதிரி இருக்கும். பூ வாடாது. பொண்ணு மூஞ்சியில ஒரு சொட்டு வேர்வை கெடையாது. நான் போட்ட மை சாயங்காலம் வரைக்கும் அப்பிடியே நிக்கும்."

எதிர்க்கட்சியின் வாதங்களும் அவளுக்குத் தெரியும். கேட்டால் மறைக்கமாட்டாள். குளிரில் மருதாணி சிவக்காது. மல்லிகை மொட்டு மொட்டாகவே இருந்து மொட்டாகவே உதிரும். உதடு வெடித்துச் சாயம் பிடிக்காது. கை முழுக்கப் புல்லரித்து நிற்கும் ரோமம் படத்தில் தெரியும். ஒருமுறை வட்டவளையில் ஒரு பெண்ணுக்குச் சேலைக்கடியில் காலுக்குக் கம்பளி மேஸ் மாட்டிவிட்டுக் கழற்ற மறந்துவிட்டாள். மாப்பிள்ளை மெட்டி போடக் குனிந்து அம்மி மேல் இருந்த காலைப் பிடித்தால், நீலமும் மஞ்சளுமாய்க் கோடு போட்ட மேஸ்! அதைச் சொல்லும்போதெல்லாம் ஜீவராணிதான் எல்லோரையும் விட அதிகம் சிரிப்பாள். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்கா. ரெண்டு புள்ளைங்க. கால் சூடா ஆரம்பிச்ச குடும்பம்."

போன தையில் அவள் வாதம் கொஞ்சம் இடறியது.

சுலக்ஷனா தோட்டத்துப் பாடசாலை ஆசிரியை. நுவரெலியாவுக்குப் போகும் வழியில், மேல் டிவிசன் லயத்தில் வீடு. அம்மா லெட்சுமி கொழுந்து பறிக்கிறவள். மாப்பிள்ளை விஜிதரன் கடற்கரைப் பக்கத்து வத்தளைக்காரன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விடியற்கால முகூர்த்தம் என்று முடிவாகி, பத்திரிகையும் அடித்த பிறகு மாப்பிள்ளையின் தாய் மீனம்மாவிடமிருந்து போன் வந்தது. அந்தக் குளிருக்கு எங்கள் ஆட்களால் வரமுடியாது, வத்தளையில் ஏசி மண்டபம் பார்த்துவிட்டோம், நீங்கள் ஒரு பஸ் பிடித்து வந்துவிடுங்கள் என்றார்.

ஒரு பஸ் என்றால் லயத்தில் பாதிப்பேருக்கு இடம் இல்லை. அன்று ஜீவராணியின் கடைக்கு அலங்காரம் பேச வந்த சுலக்ஷனா நாற்காலியில் சாய்ந்தபடியே அழுதாள்.

"என்ன படிக்க வெச்சது எங்கம்மா மட்டும் இல்லக்கா. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போன நேரமெல்லாம் யார் வீட்டுச் சோத்தத் தின்னேன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு கல்யாணப் படத்த போன்லயா காட்டுறது?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்ல, நான்தான் பிடிவாதம் புடிக்கிறேனா? வயசானவங்கள இங்க கூட்டிட்டு வந்து நடுங்க வைக்கிறது சரியா?" என்றாள்.

"சரியா தப்பான்னு நீ பள்ளிக்கூடத்துல யோசி. போனைக் குடு," என்று ஜீவராணி வாங்கிக்கொண்டாள். மழை, சேறு, அட்டை, பூ, மை என்று ஒன்றுவிடாமல் மீனம்மாவிடம் வாதாடினாள். கடைசியாக, "குளிருக்கு நான் பொறுப்பும்மா. நீங்க வந்து மணவறையில நில்லுங்க, போதும்," என்று முடித்தாள். அந்தப் பக்கமிருந்து "பார்ப்போம்" என்று ஒரே ஒரு சொல் வந்தது.

கல்யாணத்தன்று உறைபனி விழுந்திருந்தது. புல்லெல்லாம் மாவு தூவியதுபோல் வெள்ளை. கோயிலைச் சுற்றி வெட்டிய எண்ணெய்ப் பீப்பாக்களில் மிலாறு கொளுத்தி வைத்திருந்தார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் சடசடவென்று எரிந்தன. மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை. கடைசியில் பட்டு வேட்டியோடு விஜிதரன் தனியாக இறங்கி, பற்கள் அடிக்க, லெட்சுமியிடம் சொன்னான்: "அம்மா எறங்க மாட்டேங்கிறாங்க. போய் தாலியக் கட்டிட்டு வா, நான் இதுக்குள்ளயே இருக்கேங்கிறாங்க."

ஜீவராணி பெண்ணை அலங்கரித்துக்கொண்டிருந்த காம்பராவுக்குச் செய்தி வந்ததும் சுலக்ஷனாவின் முகத்தில் பூசிய நிறத்தையும் மீறி ஒரு வெளுப்பு ஏறியது. மாமியார் நிற்காத மணவறை. அதை அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். பாதி குத்திய ஊசிகளை அப்படியே விட்டுவிட்டு ஜீவராணி சரிவில் இறங்கினாள்.

"பொறுப்பு எடுத்த ஆள் நீதானா?" ஜன்னலோரத்தில் போர்வைக்குள்ளிருந்து மீனம்மா கேட்டார். "புல்லப் பார்த்தியா? ஐஸ் பெட்டிக்குள்ள மாதிரி கெடக்கு. இதான் நீ சொன்ன தையா?"

மழையும் சேறும் அட்டையும் ஜீவராணியின் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிவிட்டாள்.

"இதான்மா. பொய் சொல்லக் கூடாது, குளிர்தான். போன்ல நான் கொஞ்சம் கூட்டித்தான் பேசுனேன்."

அப்படியொரு பதிலை மீனம்மா எதிர்பார்க்கவில்லை. ஜீவராணி மூச்சு படிந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்துக் காட்டினாள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தலையில் கம்பளி, காதில் கம்மல், கையில் பித்தளைத் தட்டுகள்.

"அம்புட்டும் பொண்ணு வீட்டு ஆளுங்களா?"

"சொந்தம் பாதி, லயம் பாதி. பனியில கொழுந்து கருகிக் கெடக்கு, மலைக்குப் போனாலும் அரப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம். அதான் யாரும் இன்னைக்குப் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போகல. இவங்கள விட்டுட்டுத் தாலி கட்டிக்க மாட்டேன்னுதான் அந்தப் புள்ள அழுதுச்சு. உங்களக் குளிர்ல போட இல்லம்மா."

மீனம்மா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு பின்னாலிருப்பவர்களுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னார்: "எனக்கு நெஞ்சுச்சளி. ஸ்வெட்டர் இல்லாம நிக்க ஏலாது. இத்தனை ஆசையா எடுத்த பட்டுக்கு மேல ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு, மகன் கல்யாணப் படத்துல ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ மாதிரி நிக்கச் சொல்றியா?"

ஜீவராணி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். இது அவளுடைய தொழில்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா! எங்க, எந்திரிங்க. இந்தாங்க, ஆம்பளைங்க எல்லாரும் எறங்குங்க! சேலை மாத்தணும், எறங்குங்க, எறங்குங்க!"

முணுமுணுத்துக்கொண்டே பஸ் காலியானது. இறங்கியவர்கள் நேரே மிலாறு எரியும் பீப்பாக்களைச் சுற்றி நின்றார்கள். யாரோ அவர்களின் கைகளில் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயைத் திணித்தார்கள். குளிருக்குப் பயந்து வராமலிருக்கப் பார்த்த கூட்டம், கொஞ்ச நேரத்தில் லயத்து ஆட்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஜீவராணி தான் போட்டிருந்த மெல்லிய கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றினாள். மீனம்மாவின் உடம்புக்கு அது இறுக்கம்தான். "மூச்ச இழுத்துப் புடிங்கம்மா. ஆ, அப்பிடித்தான்." ஸ்வெட்டரின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டி, கழுத்தை உள்ளே மடித்து ஊசி குத்தி, அதன் மேல் பட்டுச் சேலையைச் சுற்றினாள். முந்தானையைத் தோளைச் சுற்றி முன்னுக்குக் கொண்டுவந்து செருகினாள். டிரைவர் இருக்கைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்த மீனம்மா திரும்பிப் பக்கவாட்டிலும் பார்த்தார். கம்பளி இருந்த அடையாளமே இல்லை. "கொஞ்சம் மெலிஞ்ச மாதிரியும் தெரியுது," என்றார். இறங்கி, நனைந்த புல்லில் காலை அழுத்தி வைத்து, மணவறையை நோக்கி நடந்தார்.

ஜீவராணி ஓடிப்போய் மிச்ச ஊசிகளைக் குத்தி முடித்துப் பெண்ணை அனுப்பினாள். மலைக்குப் பின்னால் வெளிச்சம் தட்டியது. தட்டில் வந்த அட்சதையை ஒரு பிடி அள்ளிக்கொண்டு, வெறும் ரவிக்கையும் சேலையுமாகக் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். மகனுக்குப் பக்கத்தில், தலை நிமிர்த்தி, படம் எடுப்பவரையே பார்த்தபடி மீனம்மா நின்றார்.

கெட்டிமேளம் முழங்கியது. எல்லோருடைய கைகளிலிருந்தும் மஞ்சள் அரிசி பறந்தது. ஜீவராணியும் கையை ஓங்கினாள். விறைத்துப்போன விரல்கள் பிரியவில்லை. பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்ப்பதற்குள், இடது கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி, அரிசியை மணவறைப் பக்கம் உதறினாள்.