புளி தேய்த்த தகடு

அன்னவாசல் எஞ்சின் பட்டறையை விட்டுக் கிளம்பிய மறுநாள், வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். கட்டுமாவடிக்குப் போய்ப் படகு வேலை தேடுவதாக எண்ணம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பழைய ஆயில் எஞ்சினின் பித்தளைத் தகட்டைப் பார்த்தால், எந்த வெள்ளைக்காரக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லிவிடுவேன். அதனாலேயே பட்டறைக்காரர் மூன்று வருடம் என்னைத் தகடு பார்க்க மட்டுமே ஒரே மூலையில் உட்கார வைத்திருந்தார்.

சாலையோரக் கிணற்றில் எஞ்சின் நின்றுபோய் நெல் வாடிக்கொண்டிருந்தது. மாற்றுச் சாமான் வாங்கக் கம்பெனி பெயர் வேண்டும். தகட்டில் ஓர் எழுத்தும் இல்லை.

“ஆயுத பூசைக்கு ஆயுத பூசை புளி போட்டு வெளக்குவா. எழுத்தயும் சேத்து வெளக்கிட்டா,” என்று கிணற்றுக்கார விவசாயி தன் மனைவியைக் காட்டினார்.

“பளபளன்னு இருக்கணும்னு சொன்னது யாராம்?” என்றாள் அவள்.

பேசாமல் போயிருக்கலாம். நெல்லைப் பார்த்துவிட்டுத் தகட்டைக் கழற்றினேன். புடைத்த எழுத்து தேய்ந்தாலும், பின்பக்கம் அதன் பள்ளம் இடவலம் மாறி நிற்கும். தடவிப் பார்த்துக் கம்பெனியைச் சொன்னேன்.

“நீங்களும் புதுக்கோட்டைக்கு வாங்க. கடைக்காரரு மாத்திக் குடுத்துட்டா நான் எங்கிட்டுப் போறது?” என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார். நடந்து வந்த வழியெல்லாம் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

சாமான் சரியாகக் கிடைத்தது. கடைக்காரர் என்னை மட்டும் நிறுத்தி, சாமான் கேட்டு வந்தவர்கள் விட்டுப்போன தேய்ந்த தகடுகள் நிறைந்த கூடையொன்றைக் காட்டினார்.

“இதெல்லாம் என்ன கம்பெனின்னு பாத்துச் சொல்லுங்க. சோறு போடுறேன். இங்கிட்டே படுத்துக்கங்க.”

கட்டுமாவடி இன்னும் தூரமாகியிருந்தது. மறுநாள் காலை கூடைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் தகட்டைத் திருப்பினேன்.