பதினாலு எம்பி இறக்கிய வாரம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். சொல்லிக்கொண்டே போகும்போது நடுவில் மறந்தும் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் நினைத்துக்கொண்டு, பிழைகளைப் பொறுத்துப் படியுங்கள்.

போன வாரம் பூச்சோங்கில் மகள் வீட்டில் இருந்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோ ஒன்றை மகள் என் கைப்பேசிக்கு அனுப்பினாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. முக்கால்வாசி நிறைந்து அப்படியே நின்றுவிட்டது. உடனே கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

“என்னம்மா, போலீஸ் புடிச்ச மாதிரி நிக்கிற?”

“யாரும் தொடாதீங்க. அது இறங்கட்டும்.”

“ஐயோ அம்மா, இது வைஃபை லா. தொட்டா ஒன்னும் ஆகாது.”

அவள் சொன்னது காதில் விழுந்தது. கை மட்டும் முன்னால் வரவில்லை. அது பிரிக்பீல்ட்ஸில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

தொண்ணூறுகளின் கடைசியில், வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆன பிறகு, கிள்ளானை விட்டுக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். ரவி என்பவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. கூட்டுவது, தே தாரேக் என்கிற நுரை டீ கலக்குவது, வாடிக்கையாளர்களுக்கு நேரம் முடிந்துவிட்டது என்று சொல்வது. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் எனக்கு வராது. முதுகுக்குப் பின்னால் போய் நின்று இருமுவேன். “ஆன்டி, இருமுனா பத்தாது. அவன் உங்களுக்கு மருந்து வாங்கிக் குடுத்துட்டு மறுபடியும் உக்காந்துக்குவான்,” என்பார் ரவி.

அந்தக் கடைக்கு ஒரு வாசனை உண்டு. வெளியே மாலைக்கடை மல்லிகை. உள்ளே, சூடேறிய கம்ப்யூட்டருக்குள் தூசி காயும் வாசனை. வெயிலில் நிறுத்திய லோரியின் முன்பக்கத்திலும் அதே வாசனைதான் வரும். என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அந்த வாசனை வந்தால் அவர் வந்துவிடுவார். அவர் வந்தால் கூடவே அந்த ரேடியோ சண்டையும் வந்துவிடும்.

நான் கிள்ளான் பக்கத்து மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த காலம் அது. ஒரு நாள் சாயங்காலம் அவர் சிரித்துக்கொண்டே வந்து, “ரேடியோவுக்குப் போன் பண்ணி உனக்கு ஒரு பாட்டு கேட்டேன். உன் பேரைச் சொல்லிட்டேன்,” என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஊர் முழுக்கக் கேட்கிற பெட்டியில் பெண்டாட்டி பேரா? நான் கத்தியதும் அவர் பயந்துவிட்டார். “சொல்லல, சொல்லல. சும்மா வெளாட்டுக்கு,” என்றார். மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினால் பெண்கள் எல்லாரும், “நேத்து உனக்குத்தானே பாட்டு?” என்று கிள்ளிக் கிள்ளிக் கேட்டார்கள். அப்படியானால் சொல்லித்தான் இருக்கிறார். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அதற்குப் பிறகும் வருடக்கணக்காக, எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் “நீங்க பொய் சொல்றவரு” என்று அதில்தான் கொண்டுபோய் முடிப்பேன். அவரும் “நான் சொல்லல புள்ள” என்பார். அந்த வழக்கு தீராமலே அவர் போய்விட்டார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் ரவி பழைய பாட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது புதிதாக ஒன்று வந்திருந்தது. எங்கேயோ இருக்கிற ஒருவர் தன் கம்ப்யூட்டரில் வைத்திருப்பதை, அவர் திறந்துவைத்திருக்கிற நேரத்தில், நாம் இங்கிருந்தே இழுத்துக்கொள்ளலாம். அவர் மூடிவிட்டால் நமக்கும் மூடிவிடும். மெல்பர்னுக்குக் குடியேறிய நம் ஊர்க்காரர் ஒருவர், பழைய ரேடியோ நிகழ்ச்சிகளை நாடாவில் பதிந்து வைத்திருந்து, கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். ரவி அவர் பட்டியலைச் சும்மா வாசித்துக்கொண்டே போனார். “நேயர் விருப்பம், ஈப்போ டீச்சர்... நேயர் விருப்பம், கிள்ளான் லோரி டிரைவர்...”

என் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. அன்றைக்குத்தான் ரவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அரை மணி நேர நிகழ்ச்சி, பதினாலு எம்பி என்றார் ரவி. எம்பி என்றால் என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டெலிபோன் கம்பி வழியாக அது இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். மெல்பர்ன்காரர் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் திறந்துவைப்பார்.

முதல் ஞாயிறு நானே கெடுத்தேன். லோரி ஓட்டிவிட்டு வந்து என் வீட்டுக்காரர் பகலில் தூங்கும்போது, யாரும் அழைத்து எழுப்பக் கூடாது என்று டெலிபோன் ரிசீவரை எடுத்து மடித்த துண்டின்மேல் வைத்துவிடுவது என் வழக்கம். அன்றைக்குப் பன்னிரண்டு எம்பி இறங்கியிருந்தது. இந்த நேரம் பார்த்து யாராவது அழைத்துக் கெடுத்துவிடுவார்களே என்று, ரவி தே குடிக்கப் போன சமயத்தில், கல்லா மேசையிலிருந்த ரிசீவரை எடுத்துத் துண்டின்மேல் பதமாக வைத்தேன். கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் ஒரே லைன் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ரவி ஓடி வந்தார். “ஆன்டி! போனைத் தூக்குனீங்களா?”

“தூக்கல தம்பி. தூங்க வச்சேன்.”

எவ்வளவு இறங்கியது என்று காட்டும் பச்சைக் கோடு காணாமல் போயிருந்தது. மறுபடியும் சுழியிலிருந்து; அன்றைக்கு மிச்சமிருந்த நேரம் அதற்குப் பத்தாது. மெல்பர்ன்காரரிடமிருந்து ஒரு வரி வந்தது: வீடு மாறுகிறேன், அடுத்த ஞாயிறுதான் கடைசி, பிறகு எப்போது திறப்பேன் என்று தெரியாது. அவர் கம்ப்யூட்டர் பழசு, இப்படி இழுக்கிற புரோகிராம் ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் திறக்க முடியும். எது வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்.

ரவியிடம் அப்படிப்பட்டவை மூன்று இருந்தன. எனக்கு ஆங்கிலம் தெரியாததால் படத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தேன். முயல், வாளி, மீட்டர். முதல் ஞாயிறு ஓடியது முயல். கடைக்குத் தினமும் வரும் ஜெகநாதன் ஐயா, ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து ஆள், மீட்டர் கட்சி. அதில் ஒரு முள் ஆடி வேகத்தைக் காட்டும். “மீட்டரைப் போடு பிள்ளை. முள்ளைப் பார், எப்பிடி ஓடுது எண்டு. உந்த வாளி மாட்டுவண்டி,” என்பார்.

“முள்ளு ஓடுது ஐயா. பாட்டு ஓடுதான்னு பாக்கணும்,” என்றேன். அவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியம்.

இனி யார் சொல்வதையும் கேட்பதில்லை, நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ரவியின் பினாங்குக் கூட்டாளி அதே பதினாலு எம்பியில் ஒரு சொற்பொழிவை வைத்திருந்தார். தினமும் கடை திறக்கும் முன்பே வந்து, அதையே ஒவ்வொரு புரோகிராமிலும் இறக்கினேன். எங்கே அமுக்குவது என்று ரவி காட்டிக்கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பள்ளி நோட்டில் எழுதினேன். பாதி இறங்கியதும், வேண்டுமென்றே ரிசீவரைத் தூக்கி வைப்பேன். மூன்றுக்கும் அதே சோதனை.

முயல்தான் எல்லாவற்றிலும் வேகம். ஆனால் லைன் அறுந்தால் பிடிவாதக் குழந்தை மாதிரி முதலிலிருந்து தொடங்கும். மீட்டர், “இன்னும் ஐந்து நிமிடம்” என்று இருபது நிமிடம் காட்டியது. லைன் அறுந்தும் கவலைப்படாமல் முடிந்துவிட்டது என்று மணி அடித்தது. காதில் மாட்டிக் கேட்டேன். சொற்பொழிவாளர் நடுவில் கதையை விழுங்கிவிட்டு முடிவுக்குத் தாவினார். ஒரு பெரிய துண்டையே காணோம். வாளி மெதுவோ மெதுவு. முயலைவிடக் கால் மணி நேரம் கூடுதல். ஆனால் அறுந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் போய் நின்று, அங்கிருந்து மறுபடி மொள்ளத் தொடங்கும். ஒரு சொல்லும் குறையவில்லை. ஒரே வாரத்தில் அந்தச் சொற்பொழிவு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அது பொறுமையைப் பற்றியது.

வெள்ளிக்கிழமை ரவி தயங்கினார். “ஆன்டி, வாளி ரொம்ப ஸ்லோ. நேரம் பத்தலன்னா?”

“முழுசா வராதது வேகமா வந்து என்ன தம்பி செய்ய? வாளின்னு எழுதிப் போடுங்க.”

ஞாயிறு காலை ரவி யாரையும் உள்ளே விடவில்லை. ஜெகநாதன் ஐயா மட்டும், தன் மீட்டரை ஒதுக்கிவிட்ட கோபத்தில், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லைன் இரண்டு தடவை தானாகவே அறுந்தது. வாளி இரண்டு தடவையும் பின்னால் போய் மொண்டுகொண்டு வந்தது. பதிமூன்றைத் தாண்டும்போது மாலைக்கடைக்காரர் நுழைந்து, “பாஸ், ஒரு போன் அடிச்சுக்கிறேன்,” என்று நேராக ரிசீவரில் கை வைத்தார்.

“தொடாதே!”

கத்தியது நான்தான். ஐயாவின் பேப்பர் கீழே இறங்கியது. “ஐயோ, என்னக்கா, பாம்பா?” என்று மாலைக்கடைக்காரர் வாசல் வரை போய்விட்டார். கோடு முழுசாக நிறைந்தது.

ரவி என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். மூன்று பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். வாலிபக் குரல். பின்னால் லோரி இன்ஜின் சத்தம்.

“பாட்டு யாருக்குங்க?” என்றார் அறிவிப்பாளர்.

“என் வீட்டுக்காரிக்கு சார்.”

“அவங்க பேரு?”

“அது வேணாம் சார். பேரச் சொன்னா கூச்சப்படுவா. மேருவுல வேலை செய்றா, கூட இருக்கிற பொம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. கிள்ளான் லோரி டிரைவர் வீட்டுக்காரின்னு போடுங்க, அவளுக்குப் புரிஞ்சிடும்.”

பஸ்ஸில் வந்த பெண்களுக்கு அதிலேயே புரிந்திருக்கிறது. எனக்குத்தான் புரியாமல் போனது. திரும்பத் திரும்பக் கேட்டேன். ரவியிடம் கதையைக் கேட்டிருந்த ஐயா எழுந்து வந்து, “பேரைச் சொன்னவரோ பிள்ளை?” என்றார். “சொல்லல ஐயா,” என்றேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. வாளியும் முயலும் மீட்டரும் எங்கே போயின என்று தெரியவில்லை. லைன் பிடிக்கும்போது வரும் அந்தக் கீச்சுச் சத்தத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ரவி பதிந்து கொடுத்த வட்டும் பூஞ்சை பிடித்துப் பாடாமல் போனது. ஒரு பாட்டுக்காக ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்தது இனி யாருக்கும் வாய்க்காது. வாய்க்க வேண்டியதும் இல்லை.

ரவி தம்பி இதைப் படித்தால், அது பதினாலு எம்பிதானா, லைன் அறுந்தது இரண்டு தடவையா மூன்றா, மெல்பர்னா வேறு ஊரா என்று பார்த்துத் திருத்திச் சொல்லட்டும். எனக்கு எல்லாம் குழம்புகிறது. என் வீட்டுக்காரர் ரேடியோவில் சொன்னதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அதை நான் ஒரு தடவை சரிபார்த்துவிட்டேன். அதை அவர் இருக்கும்போதே அவர் வாயால் கேட்டு நம்பியிருக்க வேண்டும்.