பாலம் வரைக்கும்

போடியிலிருந்து குரங்கணி போகிற வழியில், ஓடையின்மேல் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டங்கள் கோத்து நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எனக்குக் கல்யாணமான புதிதில் பஸ்ஸை ஆளோடு விடமாட்டார்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு வெறும் பஸ் அக்கரைக்குப் போகும். நாங்கள் பின்னாலேயே நடந்து போய் ஏறிக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை. மாதம் இரண்டு தடவை சனிக்கிழமை இறங்கி வந்து, ஞாயிறு மத்தியானம் திரும்பிவிடுவார். போடியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் எல்லோரும் அதில்தான். புருஷன் பெண்டாட்டி மனம்விட்டுப் பேச இடம் கிடையாது. அதனால் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு பாலம் வரைக்கும் நானும் பஸ் ஏறிவிடுவேன்.

"ஒத்த ஆளா ரெண்டு பையையும் எப்பிடித் தூக்குவாரு அத்தை?" என்பேன். அத்தை சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பார்.

பாலத்தில் நாங்கள்தான் கடைசியாக நடப்போம். பெரிதாக என்ன பேசிவிட்டோம்? மேலே குளிர் எப்படி, அட்டை கடிக்கிறதா, சோறு யார் ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். அக்கரையில் கண்டக்டர் விசில் ஊதுவார்.

"வெரசா வாங்கண்ணே, மத்தவங்களுக்குச் சோலி இல்லையா?"

அவர் ஏறிப் போனதும், இறங்கி வரும் பஸ்ஸுக்குக் காத்திருந்து நான் வீடு திரும்புவேன்.

ஒரு ஞாயிறு பாலத்தின் நடுவில் வைத்துத்தான் சொன்னேன். "மாமா, நாள் தள்ளிப் போயிருக்கு."

அவர் அப்படியே நின்றுவிட்டார். இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அதற்குள் விசில். பையை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மலையில் அப்போது போன் எடுக்காது. சந்தோஷப்பட்டாரா, பயந்தாரா என்று தெரியாமல் அடுத்த தடவை அவர் வரும்வரை எப்படி இருப்பது என்று தவித்தேன்.

மறுநாளே ஏலக்காய் லோடு ஏற்றி வந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். சட்டையெல்லாம் காய் வாசம்.

"என்னப்பு, உடம்புக்கு முடியலையா?" என்று அத்தை பதறினார்.

அவர் என்னைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் சொன்னார். "நேத்து ஒண்ணும் சொல்லாமப் போயிட்டேன்ல புள்ள, அதான் வந்தேன்."

வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சிரித்தபடி அதே ஜீப்பில் திரும்பிவிட்டார்.

அன்று வயிற்றிலிருந்த மகள் இப்போது திருப்பூரில் குடும்பமாக இருக்கிறாள். முட்டி தேய்ந்து அவர் வேலையை விட்டு வந்துவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாளெல்லாம் பேசலாம். ஆனால் "மாத்திரை போட்டாச்சா?" என்பதற்குமேல் பேச்சு நீள்வதில்லை. டிவிதான் பேசுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

போன மாதம், "குரங்கணி வரைக்கும் போயிட்டு வருவமா மாமா?" என்று கேட்டேன்.

"அங்க என்ன சோலி?" என்று முனகினாலும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பாலத்தை இப்போது பலப்படுத்திவிட்டார்கள். யாரையும் இறக்குவதில்லை. தடதடவென்று சத்தம் கேட்டது. என்ன என்று நிமிர்வதற்குள் அக்கரை வந்துவிட்டது. அவர் திரும்பி, வளைவில் மறையும்வரை பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரம் நடப்போம் இதுல," என்றார்.

குரங்கணியில் டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினோம். பாலம் நெருங்கியதும் கண்டக்டரைக் கூப்பிட்டு, "இங்கன இறக்கிவிடு தம்பி, நடந்து போயி அந்தப் பக்கம் ஏறிக்கிறோம்," என்றார்.

"இங்க ஸ்டாப்பு இல்ல ஐயா. பின்னால வண்டி நிக்குது."

பஸ் கடந்துவிட்டது. "அடுத்த வாட்டி ஜீப்பு பேசிட்டு வருவோம். நாம சொன்ன எடத்துல நிப்பாட்டுவான்," என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் முட்டி வீங்கிக்கொண்டது. நாங்கள் இன்னும் போகவில்லை. அவர் மட்டும் தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் போகட்டும் புள்ள," என்கிறார்.